வலை இழுத்த மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் மிதக்கின்றன: நோயா, கையாண்ட விதமா?

வாசகியின் கடிதம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் குளத்தில் மீன் வளர்க்கும் வாசகி ஒருவர், தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதியிருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் பண்ணைப் பொறுப்பு முழுவதும் இவருடையது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் கலந்து விட்டுப் பத்து மாதம் வளர்த்தபின், பொங்கலுக்குச் சில நாள் முன்பாக முதல் பகுதி அறுவடை செய்திருக்கிறார். ஒரு கிலோவுக்கு மேற்பட்டவற்றை விற்பது, சிறியவற்றைக் குளத்திலேயே விட்டு வளர்ப்பது என்பது ஏற்பாடு. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வந்த வலைக்குழுவினர் தங்கள் சொந்த வலையால் காலை பத்து மணி முதல் பகல் ஒன்றரை வரை ஐந்து முறை குளத்தை வலித்திருக்கிறார்கள். வியாபாரியின் வண்டி தாமதமானதால் மீன்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வலைக்குள்ளேயே ஒரு மூலையில் நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. பிறகு காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அள்ளிக் கரையில் எடை போட்டு, சிறியவற்றைக் கரையிலிருந்தே குளத்துக்குள் வீசியிருக்கிறார்கள்.

விற்பனை 400 கிலோ. மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் செத்து மிதக்கத் தொடங்கி, பத்து நாளில் முந்நூறு வரை போய்விட்டன. செதில் உதிர்ந்த விலா, கிழிந்த துடுப்பு, சிவந்த மூக்கு, பஞ்சு போன்ற வெண்மையான படலம் ஆகியவை அவர் அனுப்பிய படங்களில் தெளிவாகத் தெரிகின்றன. இப்போது சாவு குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. அவருடைய கேள்விகள் நான்கு. குஞ்சிலேயே நோய் இருந்ததா? கடைக்காரர் தந்திருக்கும் ஆன்டிபயாடிக்கைக் குளத்தில் ஊற்றலாமா? வெளிநாட்டுப் பண்ணைகளில் மீனை உறிஞ்சி எடுக்கும் பம்புகளைக் காணொளியில் பார்த்திருக்கிறார். கடன் வாங்கி அப்படி ஒன்றை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? கல்லூரியில் படிக்கும் மகள், மீனைக் கிரேட்டில் துடிக்கவிடுவது கொடுமை, சட்டப்படியும் குற்றம் என்கிறார். மாமனாரோ மீனுக்கு வலி ஏது என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

ஆலோசனை

அன்புள்ள சகோதரி,

பத்து மாத உழைப்பு கண்ணெதிரே மிதக்கும்போது யார் மீது குறை சொல்வது என்று மனம் அலைவது இயல்புதான். ஆனால் இதற்கான விடையை உங்கள் கடிதமே பெருமளவு வைத்திருக்கிறது. வலை இழுப்பதற்கு முந்தைய நாள் வரை மீன்கள் நன்றாகத் தீவனம் எடுத்தன என்கிறீர்கள். அதே குஞ்சுப் பண்ணையில் அதே வாரம் குஞ்சு வாங்கிய பக்கத்துப் பண்ணைக்காரர் இன்னும் வலை இழுக்கவில்லை, அவர் குளத்தில் ஒரு மீனும் சாகவில்லை என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். செத்தவற்றில் பெரும்பாலானவை கட்லாவும் ரோகுவும். மிர்கால் மிகக் குறைவு. குஞ்சில் வந்த நோய் பத்து மாதம் காத்திருந்து, வலை இழுத்த மூன்றாம் நாளில் புறப்படுவதில்லை.

மிர்கால் ஏன் தப்பியது என்பதைக் கவனித்தால் நடந்தது முழுவதும் விளங்கிவிடும். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மேயும் மீன்கள்; வலை வந்தால் முதலில் சிக்குபவை அவைதான். மிர்கால் அடிமட்டத்து மீன். வலையின் அடிக்கயிறு வரும்போது சேற்றோடு ஒட்டிப் படுத்து, அதன் கீழாக நழுவிவிடும். அந்த மிர்காலைப் பிடிக்கத்தான் வலைக்குழுவினர் மூன்றாம், நான்காம், ஐந்தாம் முறை வலை இழுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அகப்பட்டு, நெருக்குண்டு, கிரேட்டில் ஏறி, திரும்ப வீசப்பட்டது ஏற்கெனவே களைத்துப்போயிருந்த அதே சிறிய கட்லாவும் ரோகுவும்தான். நீங்கள் விற்ற மீன்களுக்கு இதன் விளைவு பெரிதாகத் தெரிந்திருக்காது. குளத்தில் மிச்சம் விட்டவற்றின் மேல்தான் பழுது முழுவதும் விழுந்தது.

மீனின் தோல் நாம் நினைப்பதைவிட மெல்லியது. செதிலை ஓர் ஓடு போலக் கருதிவிடுகிறோம். உண்மையில் செதிலுக்கு மேலே உயிருள்ள மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே வழும்பு படர்ந்திருக்கிறது. கிருமியைத் தடுக்கும் நொதிகளும் எதிர்ப்புப் புரதங்களும் அந்த வழும்பில்தான் இருக்கின்றன. முடிச்சுள்ள நைலான் வலை உரசும்போது முதலில் வழும்பு போகிறது, அடுத்து தோல் கிழிகிறது, பின்னர் செதில் பெயர்கிறது. நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு வெளி நீரில் இருப்பதைவிட அதிகம். ஆகையால் தோல் கிழிந்த இடத்தின் வழியே நீர் உள்ளே புகுகிறது, உப்பு வெளியேறுகிறது. அதைச் சரிக்கட்டவே மீன் தன் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. கூடவே, வலையில் அகப்பட்ட சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் கார்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பு ஏறுகிறது. ஒருமுறை ஏறி இறங்கினால் தாங்கிக்கொள்ளும். மூன்றரை மணி நேரம் அடுத்தடுத்து ஏறிக்கொண்டே இருந்தால் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிவிடும். எல்லாக் குளத்து நீரிலும் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவும் சாப்ரோலெக்னியா பூஞ்சையும் அந்தப் புண்ணில் குடியேற இரண்டு மூன்று நாள் ஆகிறது. மூன்றாம் நாளிலிருந்து சாவு தொடங்கியதன் காரணம் இதுவே. மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த நீரில் பூஞ்சைக்கு வசதி. மீனுக்குப் புண் ஆறுவதோ மெதுவாகிறது.

‘வீசியதும் நீந்திப் போய்விட்டது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பண்ணையாளர்கள் பலரும் ஏமாறும் இடம் இது. நீந்திப் போனது என்பதற்கு, அந்த நொடியில் அதற்குத் தசையில் வலு மிச்சமிருந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை. 1992-இல் கனடாவில் வானவில் டிரவுட் மீன்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. களைத்துப்போகும்வரை துரத்தப்பட்டு, காற்றில் தூக்கப்படாத மீன்களில் 12 மணி நேரம் கழித்து 88 விழுக்காடு உயிரோடு இருந்தன. 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 விழுக்காடும், 60 நொடி வைக்கப்பட்டவற்றில் 28 விழுக்காடும் மட்டுமே பிழைத்தன. டிரவுட் குளிர்நீர் மீன். அந்த எண்களை அப்படியே கட்லாவுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் அடிப்படைக் காரணம் எல்லா மீனுக்கும் ஒன்றுதான். நீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் காற்றில் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது.

இப்போது குளத்தில் செய்ய வேண்டியவை

ஆன்டிபயாடிக்கை ஊற்ற வேண்டாம். இரண்டு ஏக்கர் குளத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர். கடைக்காரர் தந்த இரண்டு புட்டி மருந்து அதில் கரைந்து எந்தப் புண்ணையும் ஆற்றப்போவதில்லை. மருந்துக்கு அசையாத பாக்டீரியாவைச் சேற்றில் வளர்க்க மட்டும் அது போதும். விற்பனைக்குப் போகும் மீனில் மருந்தின் எச்சம் தங்கும் ஆபத்தும் உண்டு. குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகள் நம் நாட்டில் மீன் வளர்ப்பில் அறவே தடை செய்யப்பட்டவை. புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புண்பட்ட மீன்களைப் பிடித்து உப்பு நீரில் முக்கி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் இப்போது செய்யாதீர்கள். தொட்டியில் இருக்கும் சில மீன்களுக்கு அது நல்ல முறைதான். குளத்து மீனுக்கு அதைச் செய்ய வேண்டுமானால் மறுபடியும் வலை போட வேண்டும். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகத் தருவதாகிவிடும்.

செத்த மீன்களை அன்றன்று அகற்றிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தின்னும் அளவைப் பார்த்துக் கூட்டுங்கள். இரவு முழுவதும் ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) ஓடட்டும். கால்வாய் நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ கிடைக்குமானால் சிறிது சிறிதாகப் புது நீர் விடுங்கள். புண் குழிவிழுந்து ஆழமாகப் போகும் மீன்கள் இருந்தால், அது மழைக்காலத்துக்குப் பின் வரும் தொற்றுப் புண் நோயாக இருக்கலாம். அப்போது புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய சிஃபாக்ஸ் என்னும் மருந்து பயன்படும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர் என்பது அளவு. உங்கள் குளத்துக்குச் சுமார் 1.2 லிட்டர் வரும். ஆனால் முதலில் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் உள்ள தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தை முன்கூட்டியே தொடர்பு கொண்டு, நோயுற்ற ஆனால் உயிருள்ள இரண்டு மூன்று மீன்களை ஆக்சிஜன் நிரப்பிய பையில் எடுத்துச் செல்லுங்கள். செத்து அழுகிய மீனில் நோய்க்குக் காரணமான கிருமியைப் பிரித்தறிவது கடினம்.

கருவிகளில் எதை முதலில் மாற்றுவது

உங்கள் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது வலை. உங்களுக்கென்று முடிச்சில்லா இழுவலை ஒன்றை வாங்குங்கள். முடிச்சுள்ள வலையில் ஒவ்வொரு கண்ணியின் (வலைத் துளையின்) மூலையிலும் கடினமான ஒரு புள்ளி இருக்கிறது; மீனின் விலாவில் நீங்கள் படமெடுத்த சாய்சதுரத் தழும்பு அது பதித்ததுதான். முடிச்சில்லா வலை மென்மையானது. செதில் உதிர்வும் துடுப்புக் கிழிசலும் அதில் கணிசமாகக் குறைகின்றன. கண்ணியளவு பற்றி நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. கண்ணி பெரிதாக இருந்தால் சிறிய மீன் தப்பித்துவிடும் என்பார்கள். மிகச் சிறிய மீன் தப்பிக்கும், உண்மைதான். ஆனால் அரைக்கிலோ, முக்கால் கிலோ மீன் தலையை நுழைத்து, செவுள்மூடியில் வலை மாட்டி, பின்வாங்கவும் முடியாமல் அறுபட்டுத் தொங்கும். நீங்கள் குளத்தில் விட்டு வளர்க்க நினைப்பது அந்த மீனைத்தான். ஆகவே அதன் தலை நுழைய முடியாத அளவுக்குச் சிறிய கண்ணியே நல்லது. வலையின் நீளம் குளத்தின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கும், உயரம் நீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கும் இருந்தால் வலை விறைத்து நிற்காமல் பை போலத் தளர்ந்து வரும். மீன் வலைச்சுவரில் மோதுவதும் குறையும்.

சொந்த வலைக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது. குளத்துக்குக் குளம் போகும் வலை, மீன் பேனையும் அதன் முட்டைகளையும் பூஞ்சை வித்துகளையும் சுமந்துகொண்டே போகும். வலைக்குழுவின் வலையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தால், அதை அலசி, நன்கு காயும்வரை வெயிலில் உலர்த்திய பிறகே உங்கள் குளத்தில் இறக்கச் சொல்லுங்கள். உங்கள் வலையையும் அப்படியே உலர்த்தலாம். உலர்ந்ததும் நிழலில் எடுத்து வையுங்கள். மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும் நைலான் சொரசொரப்பாகிவிடும்.

இரண்டாவது, தரம் பிரிக்கும் இடம். கரையில் கொட்டிப் பிரிப்பதை முற்றிலும் கைவிடுங்கள். வலை மூலைக்கு வந்ததும், அதையொட்டி நீரிலேயே ஹாப்பா என்னும் வலைத் தொட்டி ஒன்றைக் கட்டி, பெரிய மீன்களை மட்டும் நனைத்த, வழவழப்பான துணிக் கைவலையால் அதற்குள் மாற்றுங்கள். அது முடிந்ததும் வலையின் மேல்கயிற்றை ஒரு பக்கத்தில் நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் மிச்சமுள்ள சிறிய மீன்கள் தாமாகவே அதைத் தாண்டி நீந்திப் போய்விடும். ஒரு கையும் படாமல், ஒரு நொடிகூடக் காற்றுக்கு வராமல் அவை குளத்துக்குத் திரும்புகின்றன. இதற்கு ஆகும் செலவு ஒரு ஹாப்பாவின் விலை மட்டுமே. உங்கள் குளத்தில் செத்த முந்நூறில் பெரும்பகுதியை இந்த ஒரு மாற்றமே காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

மூன்றாவது கிரேட். துளையுள்ள காய்கறிக் கிரேட்டில் முப்பது கிலோ மீனை அடுக்கினால், அடியில் கிடக்கும் மீன் மேலுள்ளவற்றின் எடையைத் தாங்கிக்கொண்டு செவுள்மூடியைத் திறக்கவும் முடியாமல் நசுங்குகிறது. துளைகளின் விளிம்பு கத்தி போலச் சீவுகிறது. உயிரோடு விற்கும் மீனுக்கு நீர் நிறைந்த தொட்டியையோ, தாய் மீன்களைத் தூக்கக் குஞ்சுப் பண்ணைகளில் வைத்திருக்கும் கேன்வாஸ் தூளி போன்ற ஒன்றையோ பயன்படுத்துங்கள். தார்ப்பாயில் நீங்களே தைத்துக்கொள்ளலாம். அடியில் சிறிது நீர் நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எடை போடுவதில் வியாபாரி தகராறு செய்வார் என்று அஞ்ச வேண்டாம். நீர் ஊற்றிய தொட்டியை முதலில் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்துவிட்டு மீனை இட்டால் கணக்கு அவர் கண்முன்னேயே சரியாக இருக்கும். எந்தக் கருவியையும் பயன்படுத்துமுன் நனைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கும், காய்ந்த கையுறையும், சிமென்ட் தரையும் மீனின் வழும்பை உரித்தெடுத்துவிடும்.

வண்டித் தொட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உட்புறத்தில் போல்ட் முனைகளும் வெட்டு விளிம்புகளும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. மீனை முந்தைய நாளிலிருந்தே பட்டினி போட்டால் வழியில் கழிவும் அம்மோனியாவும் குறையும். ஒரு பங்கு மீனுக்குக் குறைந்தது நான்கைந்து பங்கு நீர் வைத்து, லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் கல்லுப்பு கலந்து, ஆக்சிஜன் விடுங்கள். அந்த உப்பு, மீனின் உடலிலிருந்து உப்பு கசிவதைக் குறைக்கிறது.

கருவியைவிட முக்கியமான நேரம்

நல்ல வலை வாங்கிவிட்டு அதிலும் இரண்டு மணி நேரம் மீனை நெருக்கி நிறுத்தினால் பயன் இல்லை. வியாபாரியின் குட்டியானை வண்டி உங்கள் கரைக்கு வந்து, தொட்டியில் நீர் நிரம்பி, தராசு தயாரான பிறகே வலை நீரில் இறங்க வேண்டும். நெருக்கும்போது மீன்களைப் பாருங்கள். சில முதுகுத் துடுப்புகள் மட்டும் மேலே தெரிந்து, மீன்கள் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தால் நிலைமை சரி. நீர் கொதிப்பதுபோலத் துள்ளினாலோ, வெள்ளை வயிறு தெரிய மீன் சாய்ந்தாலோ, வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கினாலோ உடனே கயிற்றைத் தளர்த்தி இடம் கொடுங்கள். வலை இழுப்பதை இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேற்றில் தங்கிய மிர்கால், குளத்தை வற்றவைக்கும் இறுதி அறுவடையில் கிடைக்கும். அதற்காக கட்லாவைப் பலி கொடுக்க வேண்டாம்.

அதிகாலையில் பிடிப்பதே நல்லது என்று சொல்வார்கள். நீர் குளிர்ந்திருப்பதால் அது பாதி சரி. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால் 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். மறுபாதியையும் பார்க்க வேண்டும். பாசிகள் இரவெல்லாம் சுவாசித்து ஆக்சிஜனைக் குடித்துவிடுவதால், விடியும் நேரத்தில்தான் குளத்தில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கிறது. அந்த நேரத்தில் அடிக்கயிறு சேற்றைக் கிளறினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆகவே நள்ளிரவிலிருந்தே ஏரேட்டரை ஓடவிட்டு, வெளிச்சம் வந்தபின் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

வலைக்குழுவினரைப் பற்றி நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. கிலோவுக்குக் கூலி பேசினால், அதிக எடையை விரைவாகக் கரையேற்றுவதுதான் அவர்களுக்கு வருமானம். மிச்ச மீன் பிழைக்கிறதா என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அடுத்த முறை நாள் கூலியாகப் பேசுங்கள். எந்த வலை, எத்தனை முறை இழுப்பது, எத்தனை மணிக்குள், சிறிய மீனை எப்படி விடுவது என்ற நான்கையும் முன்கூட்டியே சொல்லி, ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நீரையும் மீனையும் நன்கு அறிந்த தொழிலாளர்கள் அவர்கள். நிதானமாகச் செய்யக் கூலி கிடைக்கும் என்றால் நிதானமாகவே செய்வார்கள்.

பகுதி அறுவடையே வேண்டாம், ஒரேயடியாகப் பிடித்துவிடலாமா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கிறது. மீனின் நலத்தை மட்டும் பார்த்தால், வலையில் காயப்பட்டுத் திரும்பி வாழும் மீனே இல்லாத முழு அறுவடை எளிதானது. ஆனால் ஒரே நாளில் முழுக் குளத்து மீனும் வந்தால் விலை உங்கள் கையில் இருக்காது. அரைக்கிலோ மீனை அரைவிலைக்குத் தர வேண்டியிருக்கும். மேலே சொன்னபடி நீரிலேயே பிரிக்க முடியுமென்றால் பகுதி அறுவடையைத் தொடருங்கள். முடியாது என்று தோன்றினால் முழு அறுவடையே மேல்.

பம்ப் வாங்கலாமா

வேண்டாம். நீங்கள் பார்த்த பம்புகள் நார்வே போன்ற நாடுகளின் சால்மன் கூண்டுகளில், ஒரே அளவான ஒரே இன மீனைப் பெரும் எண்ணிக்கையில் மாற்றுவதற்கானவை. அங்கேயும் குழாயின் வளைவு, உயரம், நீரின் வேகம் ஆகியவை பிசகினால் மீன் அடிபடும். சேறும் இலைதழையும் உள்ள, மூன்று இனம் கலந்த உங்கள் மண்குளத்துக்கு அது பொருந்தாது. மீனைப் பம்பின் வாய்க்குக் கொண்டுவரவும் வலையால் நெருக்கித்தான் ஆக வேண்டும்.

விலை கூடிய இயந்திரம் மீனுக்கு இதமாகவும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நார்வேயின் பண்ணை விதிகள், புதிய கருவியோ முறையோ மீனின் நலத்துக்கு ஏற்றதா என்று சோதித்து ஆவணப்படுத்திய பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும் என்கின்றன. அப்படியிருந்தும், கடல் பேன் என்னும் ஒட்டுண்ணியை அகற்றச் சால்மன்களை வெந்நீர்க் குழாய்க்குள் செலுத்தும் இயந்திரங்கள் அங்கே பரவலாகிவிட்டன. 28 பாகையும் அதற்கு மேலும் உள்ள நீர் அந்த மீன்களுக்கு வலி தருகிறது என்பதை ஆய்வாளர்கள் 2019-இல்தான் எடுத்துக்காட்டினார்கள். எந்தக் கருவியையும் மீனின் உடலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். ஒவ்வொரு பிடிப்பிலும் இருபது மீன்களை ஹாப்பாவில் நீருக்குள்ளேயே வைத்துப் பார்த்து, செதில் உதிர்வு, துடுப்பு, மூக்கு, கண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வலையை மாற்றியதால் பயன் உண்டா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வலியும் சட்டமும்

உங்கள் மாமனார் சொல்வது ஒரு காலத்தில் அறிவியலாளர்களும் சொன்னதுதான். 2003-இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், டிரவுட் மீனின் தலையில் காயத்தையும் கடுஞ்சூட்டையும் அமிலத்தையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் கூழாங்கற்களில் தேய்த்தன, நெடுநேரம் தீவனம் எடுக்கவில்லை. மார்பின் என்னும் வலிநீக்கி மருந்தைக் கொடுத்தபோது இந்த நடத்தைகள் குறைந்தன. அந்த அனுபவம் நம்முடையதைப் போன்றதுதானா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. ஆயினும் குரல் எழுப்பவில்லை என்பதால் வலியில்லை என்ற வாதம் இனி நிற்காது. மாமனாரிடம் பேசும்போது இதை வழக்காகக் கொண்டுபோகாமல், செத்துப்போன முந்நூறு மீனின் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். நெடுநாள் விவசாயம் பார்த்தவருக்கு அது புரியும்.

உங்கள் மகள் சட்டத்தைச் சரியாகவே படித்திருக்கிறார், ஆனால் பாதிதான் படித்திருக்கிறார். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும் விலங்கு என்றே கொள்கிறது. மீனும் அதில் அடங்கும். தேவையற்ற வலி உண்டாகும்படி ஓர் உயிரை ஏற்றிச் செல்வது 11-ஆம் பிரிவின்படி குற்றம். அதே பிரிவு, உணவுக்காகக் கொல்வதை விலக்கி வைக்கிறது. அந்த விலக்கும், தேவையற்ற வலியோ துன்பமோ இல்லாதபோதுதான் செல்லும். ஆகவே மீன் வளர்ப்பதாலும் விற்பதாலும் உங்கள் மேல் வழக்கு வருமென்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கிரேட்டில் மூச்சுத் திணறிச் சாகவிடுவதைத் தேவையானது என்று யாரும் வாதிட முடியாது. உலக விலங்கு சுகாதார அமைப்பின் நீர்வாழ் விலங்கு நெறித்தொகுப்பும் வளர்ப்பு மீனின் போக்குவரத்துக்கும், உணர்விழக்கச் செய்து கொல்வதற்கும் தனித்தனி அத்தியாயங்களை வைத்திருக்கிறது.

அதனால் செத்த மீனாக விற்கும் பங்கை இப்படிச் செய்யுங்கள். நீரிலிருந்து எடுத்த உடனே, கண்களுக்குச் சற்று மேலே தலையில் கட்டையால் ஓங்கி ஒரே அடி கொடுத்து, உணர்விழந்ததும் செவுளை அறுத்து, பிறகு பனிக்கட்டி நீரில் இடுங்கள். பனிக்கட்டியில் உயிரோடு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பனிக்கட்டியில் மீன் உடனே உணர்விழப்பதில்லை என்பதால் அப்படிச் சாவது நீண்டுகொண்டே போகும். துடிதுடித்துச் செத்த மீனின் தசை விரைவில் விறைத்து, விரைவில் இளகிவிடும். அமைதியாகக் கொல்லப்பட்ட மீன் அதிக நேரம் கெடாமல் இருப்பதால் வியாபாரிக்கும் இதில் இழப்பு இல்லை.

பதினைந்து நாளில் அடுத்த பிடிப்பு என்று நாள் குறித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிவையுங்கள். செதில் பெயர்ந்த இடத்தில் தோல் மூடிப் புதுச் செதில் வளர வாரங்கள் ஆகும். ஆறாத புண்ணின் மேல் மறுபடியும் வலை பட்டால் இப்போது பிழைத்திருப்பவையும் போய்விடும். சாவு முற்றிலும் நின்று ஒரு மாதமாவது கழியட்டும். அதன்பின் தீவனம் இடும் இடத்தில் வீச்சு வலையால் நாலைந்து மீனை மட்டும் எடுத்துப் பார்த்து, விலா சுத்தமாக இருந்தால் பங்குனி வாக்கில் நாள் குறியுங்கள். அதற்குள் வலையும் ஹாப்பாவும் வாங்கிவிடலாம்.